புளியங்கொட்டையும் பாடம் சொல்லும்!

படிக்காத தாயும் பிள்ளைக்கு ஆசிரியை ஆகலாம்
சந்தவாசல் மலையடிவாரத்தில் இளவேனில் காலப் பள்ளிக்கூடம்

பங்குனி மாதம். மாலை நேரம். ஜவ்வாது மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது.

சந்தவாசலில் வேலூர் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. போளூர் பஸ் ஒன்று புறப்படுகிறது. மலையடிவாரக் கிராமங்களில் புளி உலுக்கும் காலம் இது. வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடி உட்கார்ந்து, புளியில் இருந்து கொட்டை எடுக்கிறார்கள். பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, "பொழுது போகவில்லை" என்று சிணுங்குகிறது.

"போய்ப் படியேன்!" என்கிறாள் தாய்.

"நீ சொல்லிக் கொடு அம்மா!" என்கிறது பிள்ளை.

தாய் பேசாமல் இருக்கிறாள். அவள் மனத்தில் ஒரு குறை. "நானே நாலு எழுத்துப் படிக்கவில்லை. நான் என்ன சொல்லிக் கொடுப்பது?"

சந்தவாசலில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் எழும் கேள்வி இது. இந்தக் கேள்விக்குப் பதில், அந்தத் தாயின் முன்னால் இருக்கும் முறத்திலேயே கிடக்கிறது.

ஆம், புளியங்கொட்டைதான் அந்தப் பதில்!

விட்டால் மறந்து போகும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதுதான் கோடை விடுமுறைக் காலம்.

விடுமுறை வேண்டியதுதான். பிள்ளைகள் ஓடி ஆட வேண்டும். பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் புத்தகத்தை மூடி வைத்த பிள்ளை, கூட்டலையும் எழுத்தையும் சேர்த்தே மூடி வைத்துவிடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பாதி மறந்து போகிறது.

பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் தானே திருப்பிப் பார்த்துக் கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முடியாது. இந்த மூன்று வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு, நாலாம் வகுப்பில் எல்லாப் பாடமும் சுமைதான். அறிவியலும் புரியாது, கணக்கும் புரியாது. கடைசியில் பள்ளிக்கூடமே கசந்து போகும்.

பள்ளி மூடினால் பிள்ளைகள் எவ்வளவு இழப்பார்கள் என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடியும் கதவு திறந்தது. இடையில் 19 மாதம் ஓடிவிட்டது! முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, கரும்பலகையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போனது.

வீடு தேடி வந்த படிப்பு

அந்தச் சமயத்தில் தமிழ்நாடு அரசு ஒரு வழி கண்டது. "இல்லம் தேடிக் கல்வி" என்று அதற்குப் பெயர். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார்.

அந்தந்த ஊரில் படித்த இளைஞர்களும் பெண்களும் தன்னார்வலர்களாக வந்தார்கள். மாலை நேரத்தில் திண்ணையிலும், கோவில் வாசலிலும், மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். ஆட்டம், பாட்டு, கதை, பொம்மை, இவற்றோடு எழுத்தையும் கணக்கையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

பலன் என்ன?

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் பிள்ளைகள் நிறைய இழந்திருந்தது தெரிந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள்!

அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, இந்த மாலை நேர வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இந்த வகுப்புகளுக்கு அதிகமாக வந்தார்கள் என்றும் கண்டார்கள்.

2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டமும் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழை இல்லாமல் படிக்க வேண்டும், எண்களைக் கையாள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. பெரிய கட்டடம் வேண்டாம். விலை உயர்ந்த கருவி வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம், பிள்ளையோடு உட்கார ஒரு பெரியவர், விளையாட்டு போல ஒரு பாடம். இவ்வளவு இருந்தால் பிள்ளை தேறும்.

அந்தப் பெரியவர் ஏன் தாயாக இருக்கக் கூடாது? பாட்டியாக இருக்கக் கூடாது?

கொட்டையில் கணக்கு

ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். கணக்குப் பாடம் தயார்.

முதல் ஆட்டம் "ஒற்றையா, இரட்டையா?" கையில் சில கொட்டைகளை மூடிக் கொண்டு தாய் கேட்கிறாள். பிள்ளை சொல்கிறது. பிறகு இரண்டு இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீதி இல்லை என்றால் இரட்டை. ஒன்று மிஞ்சினால் ஒற்றை. வகுத்தல் கணக்கின் முதல் படி இதுதான்!

இரண்டாவது ஆட்டம் "பத்துக் குவியல்". ஒரு பிடி கொட்டையை அள்ளிப் போட்டு, "எத்தனை இருக்கும்?" என்று கேட்க வேண்டும். பிள்ளை முதலில் குத்துமதிப்பாகச் சொல்லட்டும். பிறகு பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். நாலு குவியல், மீதி மூன்று என்றால் 43. எண்ணில் முதலில் வரும் 4 ஏன் நாற்பது ஆகிறது என்பது அப்போது பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் "இடமதிப்பு" என்கிறார்கள்.

மூன்றாவது பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் மண்ணில் 14 குழி தோண்டினால் போதும். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு. குழிக்கு ஐந்து கொட்டை போட்டால் மொத்தம் 70. ஆட்டம் முடிந்ததும் பிள்ளையிடம் 34 இருந்தால், பாட்டியிடம் எத்தனை? 36 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டி ஒன்றை மறைத்துவிட்டாள் என்று அர்த்தம்!

சிரித்துக் கொண்டே கழித்தல் கணக்கு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்கும் குறைந்த குழந்தை பக்கத்தில் இருந்தால் கொட்டையை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மூக்கிலும் வாயிலும் போட்டுக் கொள்ளும்.

இன்னொன்று. கொட்டையை எண்ணி விளையாடுவது வேறு. பிள்ளையைப் பிடித்துப் பகல் எல்லாம் புளி தட்ட வைப்பது வேறு. முதலாவது படிப்பு. இரண்டாவது படிப்பைக் கெடுப்பது.

கோலத்திலும் முழத்திலும்

வாசலில் கோலம் போடும் தாய், தினமும் கணக்குப் போடுகிறாள். ஆனால் அது கணக்கு என்று அவளுக்குத் தெரிவது இல்லை.

நடுவில் 7 புள்ளி. இடுக்குப் புள்ளியாக இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று குறைத்து வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. பிள்ளை முதல் நாள் ஒவ்வொன்றாக எண்ணும். நாலாம் நாள், "இரண்டு பக்கமும் 15, 15. அது 30. நடுவில் 7" என்று தானே குறுக்கு வழி கண்டுபிடிக்கும். அந்தச் சந்தோஷத்தை எந்தப் பரிசும் தராது.

பூக்காரி முழம் போடுவதைப் பிள்ளை பார்த்திருக்கும். ஒரு கயிற்றைத் தாய் மூன்று முழம் அளக்கட்டும். அதே கயிற்றைப் பிள்ளை அளந்தால் நாலு முழத்துக்கு மேல் வரும். "ஏன் அம்மா?" என்று கேட்கும். தாய் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

ஆளுக்கு ஒரு அளவு என்றால் கடையில் சண்டை வரும். அதனால்தான் ஊருக்கு எல்லாம் பொதுவாக மீட்டர் வந்தது. இந்த உண்மையைப் பிள்ளை இனி மறக்காது.

மலையில் விளையும் சாமையை அளக்கும்போதும் பாடம் உண்டு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. அரை, கால், அரைக்கால் என்ற பின்னக் கணக்கை நம் பாட்டிமார் இப்படித்தான் கற்றார்கள். படி இல்லாத வீட்டில் ஒரு டம்ளரும் ஒரு குடமும் போதும்.

பஸ்ஸே பாடப் புத்தகம்

எழுத்துக்கு எங்கே போவது?

சந்தவாசல் சாலையில் போய் நின்றால் போதும். பாடப் புத்தகம் சக்கரம் வைத்துக் கொண்டு ஓடி வரும்!

வேலூர், போளூர், படவேடு, திருவண்ணாமலை, கண்ணமங்கலம். பஸ் பலகையில் எத்தனை ஊர்கள்! "வேலூர்" என்பதிலும் "போளூர்" என்பதிலும் கடைசியில் "ஊர்" ஒலிப்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். ஒன்றில் "லூ", மற்றதில் "ளூ". நாக்கு எங்கே படுகிறது என்று சொல்லிப் பார்க்கட்டும்.

சில பெரியவர்கள் பஸ்ஸின் நிறத்தையும் நேரத்தையும் வைத்தே ஊரைத் தெரிந்து கொள்கிறார்கள். அவர்களுக்குப் பலகையைப் படித்துச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தன் படிப்பு பிறருக்கு உதவுகிறது என்று தெரிந்த பிள்ளை, படிப்பை விடாது.

வீட்டுக்குள்ளும் எழுத்து இருக்கிறது. உப்பு உறையிலும், தேயிலைப் பொட்டலத்திலும், ரேஷன் கடைப் பலகையிலும் எழுத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெரிய தலைப்பு ஒன்றை எடுத்து, "இதில் எத்தனை 'ம' இருக்கிறது?" என்று தேடச் சொல்லலாம். தமிழில் மொத்தம் 247 எழுத்து. பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர் 12, மெய் 18, இந்த முப்பதும் பிடிபட்டால் மற்றவை சேர்க்கையில் பிறப்பவைதான். ஆய்தம் ஒன்று தனி.

பாட்டி சொல்லும் கதைக்கும் ஒரு வழி உண்டு. பாட்டி சொல்லட்டும். பேரன் எழுதட்டும். நாளைக்கு மூன்று வரி போதும். பிழை இருந்தால் இருக்கட்டும். விடுமுறை முடியும்போது ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். அட்டையில் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, ஒரு புத்தகத்துக்கு ஆசிரியை ஆகிவிடுவாள்!

நிழல் காணாமல் போகும் நாள்

இப்போது ஒரு அதிசயம்.

சந்தவாசலுக்கு மேற்கே இருக்கும் ஜவ்வாது மலைத் தொடரில்தான் காவலூர் இருக்கிறது. அங்கே இருக்கும் வானியல் ஆய்வுக்கூடம் உலகப் புகழ் பெற்றது. விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1986-ஆம் ஆண்டு முதல், 2.34 மீட்டர் குறுக்களவு உள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி அங்கே இயங்கி வருகிறது. அந்த ஆய்வுக்கூடத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

அந்த மலையின் அடிவாரத்துப் பிள்ளைகள், தொலைநோக்கி இல்லாமலே வானத்தை அளக்கலாம். ஒரு நேரான குச்சி போதும்.

பங்குனியில் முற்றத்தில் குச்சியை நேராக நட வேண்டும். நண்பகலில் அதன் நிழல் முனையில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு முறை இதைச் செய்தால், நிழல் குறைந்து கொண்டே வருவது தெரியும்.

ஏப்ரல் 23-ஆம் தேதியை ஒட்டி, பகல் 12 மணி 10 நிமிடம் வாக்கில் பார்த்தால்... நிழலே இருக்காது!

காரணம் என்ன? சூரியன் அப்போது சரியாகத் தலைக்கு மேலே நிற்கிறது. நிழல் குச்சியின் காலடியிலேயே அடங்கிவிடுகிறது. அதுவரை வடக்கே விழுந்த நண்பகல் நிழல், அந்த நாளுக்குப் பிறகு தெற்கே விழும். ஆகஸ்டு 20-ஆம் தேதியை ஒட்டி மறுபடியும் ஒரு முறை நிழல் மறையும். டில்லியில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சி கிடையாது. அது வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால், சூரியன் அங்கே ஒருநாளும் உச்சந்தலைக்கு நேராக வருவது இல்லை.

மாலையிலும் ஒரு வேலை உண்டு. சூரியன் மலையின் எந்த முகட்டில் மறைகிறது என்று ஒரே இடத்தில் நின்று பார்த்து, மலையைப் படமாக வரைந்து குறிக்க வேண்டும். மார்ச் 20-ஆம் தேதி வாக்கில் நேர் மேற்கில் மறையும். பிறகு வாரத்துக்கு வாரம் வடக்கே நகரும். ஜூன் 21-ஆம் தேதி வாக்கில் நின்று, திரும்பத் தொடங்கும். மலையே நாட்காட்டி ஆகிவிடும்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கண் கெட்டுவிடும். மறைந்த பிறகு இடத்தைக் குறித்தால் போதும். நண்பகலில் குச்சியைப் பார்த்துவிட்டு உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். சித்திரை வெயில் பொல்லாதது.

கொட்டாங்கச்சியில் தோட்டம்

இரண்டு கொட்டாங்கச்சியில் மண் போட்டு, இரண்டிலும் பச்சைப் பயறு விதையுங்கள். ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். மற்றதைப் பானையால் மூடி இருட்டில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பிள்ளை திகைக்கும். இருட்டில் இருந்த செடிதான் உயரமாக இருக்கும்! ஆனால் வெளுத்து, மெலிந்து, நிற்கத் தெம்பு இல்லாமல் சாயும். வெளிச்சத்தைத் தேடி நீண்டது அது. உணவு தயாரிக்கச் சூரிய ஒளி கிடைக்காததால் பச்சை நிறம் வரவில்லை. வெளிச்சத்தில் வளர்ந்த செடி குட்டையாக இருந்தாலும் உறுதியாக நிற்கும்.

தினமும் ஒரு நூலால் உயரத்தை அளந்து, அந்த நூலை நோட்டில் ஒட்டி வந்தால், செடி வளர்ந்த கதை படமாகத் தெரியும்.

வேப்பம்பூ உதிரும் நாள், கொன்றை பூக்கும் நாள், குயில் கூவிய நாள், மாம்பிஞ்சு கண்ட நாள் என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரோமாபுரியில் தொடங்கிய வழி

"விளையாட்டு எப்படிப் படிப்பு ஆகும்?" என்று சிலர் கேட்பார்கள்.

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமாபுரியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் தெருவில் திரிந்த பிள்ளைகள் அவர்கள். ஊற்றுதல், துடைத்தல், அடுக்குதல், தொட்டு எண்ணுதல் என்று கைவேலை மூலமே அவர்களுக்கு அறிவைத் திறந்தார். கை செய்வதை மூளை பிடித்துக் கொள்கிறது என்று உலகுக்குக் காட்டினார்.

அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார்.

நம் பாட்டிமார் பல்லாங்குழியில் செய்ததும் இதே காரியம்தான்.

செய்யக் கூடாதவை

நாளைக்கு அரை மணி நேரம் போதும். பிள்ளை சலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

அடிக்கக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது.

தவறான விடை வந்தால், "தப்பு!" என்று கத்தாமல், "மறுபடி எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும்.

கிணற்றங்கரைக்கும் ஏரிக்கும் பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது. கோடையில் புதரிலும் கல் இடுக்கிலும் கை விடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒன்று. இவை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பதில் அல்ல. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை என்று சட்டம் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தாய் தகப்பன் வேலை தேடி வெளியூர் போனாலும், ஜூன் மாதம் பிள்ளை பள்ளி வாசலில் நிற்க வேண்டும். வீட்டில் ஏற்றிய விளக்கு, பள்ளி வரை அணையாமல் போவதற்குத்தான் இந்த ஆட்டம் எல்லாம்.

திண்ணையில் தொடங்கட்டும்

மறுபடியும் அந்தத் திண்ணைக்கு வருவோம்.

முறத்தில் புளியங்கொட்டை குவிந்து கிடக்கிறது. பிள்ளை இன்னும் சிணுங்குகிறது. "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று தாய் இனி குறைப்பட வேண்டாம். அவளுக்கு எண்ணத் தெரியும். அளக்கத் தெரியும். புள்ளி வைக்கத் தெரியும். கதை சொல்லத் தெரியும். எந்த மாதத்தில் எது பூக்கும் என்று தெரியும். எழுத்து ஒன்றுதான் தெரியாது.

அதைப் பிள்ளை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்!

ஒரு பிடி கொட்டையை அள்ளி, கையை மூடி, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"ஒற்றையா, இரட்டையா?"

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.